இந்தத் தடவை சாமான் யாருக்கு, எப்படி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

கொரோனாவுக்காகப் போட்ட பயணத்தடை இங்கே இலங்கையில் 2021 ஜூன் 21ஆம் திகதி வரை நீண்டுவிட்டது என்றதும், மலையகத்தில் நம்ம தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு டோஹாவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எத்தனை பார்சல் போடலாம், எவ்வளவு அனுப்பணும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மனசு நிறைஞ்சது. காசு வருவதற்கு முன்னாடி, மழையில் மலை ஏறி சாமான் கொடுக்கிற நம்ம பிள்ளைகளோடு நடந்து பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் மாதிரி ஹட்டன் டவுனில் லொறி நிறைய ஒரே மாதிரி மூட்டை கட்டி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் இறக்கிவிட்டுப் போகிற வேலை இந்த முறை வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டபோதும் கொழுந்து எடுத்தார்கள், இப்போதும் எடுக்கிறார்கள். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, சம்பளம் வருதே, 2021 மார்ச்சிலிருந்து நாளுக்கு ஆயிரம் ரூபாயும் ஆகிவிட்டதே என்றுதான் தோன்றும். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும், அதுவும் சொன்ன கிலோவை எடுத்து முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், வாங்கினால். மழையில் அரைப் பேரோடு வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றிக்கூட இல்லை. செக்ரோலில் பேரே இல்லாதவர்களைப் பற்றி, வேலையிலிருந்து நின்றுவிட்ட வயசாளிகளைப் பற்றி.

பென்ஷன் என்று ஒன்று நம்ம ஆட்களுக்குக் கிடையாது. வேலையிலிருந்து நிற்கும்போது கிடைக்கிற சேமலாப நிதி வந்த வருஷமே மகள் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அப்புறம் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ நிற்கிற மகன் அனுப்புகிற காசுதான் சோறு. அந்தக் கடைகள் மூடிக்கிடக்கின்றன, பிள்ளைகளில் பாதிப் பேர் ஊருக்கு வந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருக்கிறார்கள், மீதிப் பேர் வரவும் முடியாமல் அங்கேயே அடைபட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் மேற்பிரிவில், லயத்தின் கடைசி அறையான தொங்கக் காம்பராவில் ஓர் அப்பாயி தனியாக இருக்கிறார். நம்ம ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அக்காள் குடும்பம் இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறிவிட்டது, இவருக்கு இங்கே குடியுரிமை கிடைத்து தங்கிவிட்டார். இப்படிக் குடும்பம் ரெண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் ஒற்றையாக நின்றுபோன வயசாளிகள் நம்ம தோட்டத்திலேயே பல பேர். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கதவைத் தட்டினாலும் "எனக்கு இருக்குப்பா, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடு" என்பார்கள். அடுப்பு எரிந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மருந்துதான் எனக்குப் பெரிய கவலை. சீனி, பிரஷர் மருந்து மாதம் ஒருமுறை கிளினிக்கில் எடுக்கிறவர்களுக்கு, தபாலில் வீட்டுக்கே அனுப்புகிற ஏற்பாடு போன வருஷம் ஊரடங்கின்போது வந்தது. நல்ல ஏற்பாடு, அதில் குறை இல்லை. ஆனால் வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு? நமக்கு இலக்கம் இல்லை, தெரு இல்லை, தோட்டத்தின் பெயர் மட்டும்தான் விலாசம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கடிதம் எல்லாம் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் கையில் வந்தால்தான் உண்டு. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் யாருக்கு என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். ஓர் ஐயாவின் மருந்து அப்படிக் கிடந்து, அவர் இருக்கிற மாத்திரையை நாள் விட்டு நாள் போட்டுக்கொண்டிருந்ததைப் போன வருஷம் நம்ம பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பருப்பு கொடுக்கப் போனதால்தான் அதுவே தெரியவந்தது.

அதனால் அவர்கள் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயம், எந்தக் காம்பரா, யார் யார் இருக்கிறார்கள், கிளினிக் எந்தத் திகதி, பல் இருக்கிறதா, சோறு சாப்பிடுகிறவரா ரொட்டி சாப்பிடுகிறவரா. சிரிக்க வேண்டாம், பல் இல்லாத கிழவிக்கு அஞ்சு கிலோ கோதுமை மாவைக் கொடுத்துவிட்டு ரொட்டி சுட்டுச் சாப்பிடு என்றால் என்ன அர்த்தம்? சீனி வியாதிக்காரருக்கு ரெண்டு கிலோ சீனி எதற்கு? அவருக்கு முட்டையும் பயறும் கொடுக்கலாம். இந்த மழைக்கு விறகு எல்லாம் நனைந்து கிடக்கிறது, சிலருக்கு அரிசியைவிட மண்ணெண்ணெய்தான் அவசரம், அதுவும் இந்த 2021 ஜூனில் லீற்றர் 77 ரூபாய். இதெல்லாம் ஹட்டனில் கட்டுகிற மூட்டைக்குள் வராது.

சாமானை எங்கே வாங்குவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. தோட்டத்து முச்சந்திக் கடையில் வாங்க வேண்டும். மொத்தக் கடையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையும், உண்மை. ஆனால் சம்பளம் வரும் வரைக்கும் கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிறவர் அந்த முதலாளிதான். மூட்டை லொறி வந்த மாதம் அவருக்கு வியாபாரமே இல்லை, கொழும்பில் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து வரவேண்டிய காசும் நின்று கடன் கொப்பி தடித்துக்கொண்டே போனது. அவர் கடையைப் பூட்டினால் அடுத்த மாதம் ஒரு சவர்க்காரக் கட்டிக்குக்கூட டவுனுக்கு இறங்க வேண்டும், இந்தத் தடையில் இறங்கவும் முடியாது. நடமாடும் வியாபாரத்துக்கு அனுமதி இருக்கிறது என்கிறார்கள், ஆனால் அந்த வண்டிகளும் பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோவும் தார் ரோட்டோடு திரும்பிவிடும், நம்ம மேற்பிரிவு ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டுப்பாட்டு விலையை நம்பியும் பிரயோசனம் இல்லை. போன வருஷம் மார்ச்சில் பருப்பு 65, டின் மீன் 100 என்று அறிவித்தார்கள், நம்ம பக்கம் அந்த விலைக்குச் சாமானே இருக்கவில்லை.

ஒரு வீட்டில் கொரோனா என்று வந்து லயத்தையே மூடினால் வேறு மாதிரி வேலை. ஒரே பீலியில், தண்ணீர்க் குழாயில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் இருக்கிற இடத்தில், தனியாக இருங்கள் என்று சொல்வது எப்படி? அந்த லயத்துக்குச் சமைத்த சோறு வேண்டாம், பச்சைச் சாமானும் பால்மாவும் சவர்க்காரமும் கொடுத்தால் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ ஐயாவுக்குச் சொல்லிவிட்டு, லயத்து முனையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து நகர்ந்துவிட வேண்டும். கொண்டுபோகிற பிள்ளைகளுக்கு முகக்கவசமும் நல்ல மழைக்கோட்டும் நம்ம காசில் வாங்கித்தர வேண்டும். இதை யாரும் செலவு என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது போட்டோ. சிலர் கணக்குக்காகப் படம் கேட்டீர்கள். கணக்கு கேட்பது நியாயம், கட்டாயம் கேளுங்கள். ஆனால் நாற்பது வருஷம் கூடை சுமந்த மனுஷியை வாசலில் நிறுத்தி, அரிசிப் பையைக் கையில் கொடுத்து, இங்கே பாருங்கள் என்று சொல்லிப் படம் எடுக்க நம்ம பிள்ளைகள் தயாராக இல்லை, நானும் அவர்கள் பக்கம்தான். போன வருஷம் அப்படி எடுத்த ஒரு படம் பேஸ்புக்கில் சுற்றியதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா அதற்குப் பிறகு எதையும் வாங்க மறுத்துவிட்டார். கடைக்காரர் எழுதித் தருகிற பில்லும், லய வாரியான செலவும் வாரா வாரம் எல்லாருக்கும் வரும். அது போதாது என்றால் தயவுசெய்து இப்போதே சொல்லுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். காசை ஒரேயடியாக அனுப்பாமல் மூன்று மாதத்துக்குப் பிரித்து அனுப்புங்கள், தடை எடுத்தாலும் கொழும்புக் கடைகள் அடுத்த நாளே பழையபடி ஆகிவிடாது. அதைவிட முக்கியமாக, இங்கே உங்களுக்கு இருக்கிற வயசாளிகளின் விவரத்தைத் தாருங்கள்: அத்தை, பெரியப்பா, பழைய அடுத்த காம்பரா ஆள், யாராக இருந்தாலும் லய நம்பரோடு, அவருக்கு என்ன வருத்தம், எந்த கிளினிக் என்று. நோய் விவரத்தைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பழைய லயக் கணக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அங்கே பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால், திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் மேற்பிரிவுக்கு ஏறும்போது கொப்பியில் அந்தப் பெயர்களும் இருக்கும்.