வெறும் வீடு, கையில் காசு குறைவு, ராத்திரிக்குள் முடிவு சொல்லணும்: ஆன்லைனா, த்ரிஃப்ட் கடையா?

புதுவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இப்பதான் வந்து இறங்கியிருக்கோம். வாடகைக்கு எடுத்த வீட்ல அடுப்பைத் தவிர ஒண்ணும் இல்ல. கொண்டுவந்த துணியையே தரையில விரிச்சுப் படுக்கிறோம். இவருக்கு முதல் சம்பளம் வர இன்னும் நாள் இருக்கு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், கட்டில், மெத்தை, பாத்திரம் எல்லாமே வேணும். ஆன்லைன்ல ஒருத்தர் வீட்டைக் காலி பண்றாராம், எல்லாத்தையும் மொத்தமா ரொம்பக் கம்மி விலைக்குத் தர்றேங்கிறார். பழைய பொருள் விக்கிற த்ரிஃப்ட் கடையில இதைவிட சீப்புன்னு இவர் ஆபீஸ்ல சொல்றாங்க. எது நல்லது? இன்னைக்கு ராத்திரிக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். யாராவது உடனே சொல்லுங்க ப்ளீஸ்.

வடதிசை:
எந்த நாடு, எந்த ஊர்னு சொல்லாம கேட்டா எப்படிங்க? கார் இருக்கா, லிஃப்ட் இருக்கா, எத்தனாவது மாடி, எதுவும் தெரியல. இருந்தாலும் சொல்றேன், த்ரிஃப்ட் கடைக்குப் போங்க. வார நாள்ல காலையில போகணும், சனிக்கிழமை போனா மிச்சம்மீதிதான். பல கடைகள்ல விலைச்சீட்டு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கலர்ல இருக்கும், ரொம்ப நாள் விக்காம கிடக்கிற கலருக்குத் தள்ளுபடி போடுவாங்க. இந்த வாரம் என்ன கலர்னு கல்லாவுல கேட்டுட்டு அப்புறம் உள்ள போங்க. புதுச் சரக்கு என்னைக்கு அடுக்குவாங்கன்னும் கேளுங்க, சொல்லிடுவாங்க.

கணக்குப்பிள்ளை:
த்ரிஃப்ட் கடை எல்லாம் அந்தக் காலம். இப்ப நல்ல பொருளை எல்லாம் வாங்கி மறுபடி விக்கிற ஆளுங்க கடை திறந்த உடனே அள்ளிட்டுப் போயிடறாங்க. சாதாரணத் தட்டுக்கே புதுத் தட்டு விலை எழுதி வெச்சிருக்காங்க. புதுசாவே வாங்குங்க, ஆனா ஆன்லைன்ல பொறுமையா. 'ஓபன் பாக்ஸ்'னு போட்டிருக்கும், பிரிச்சுப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பின சரக்கு. வாரன்டி உண்டான்னு மட்டும் படிச்சுப் பாருங்க. அமேசான்ல வாங்கினா கீப்பா, கேமல்கேமல்கேமல் மாதிரி தளங்கள்ல அந்தப் பொருளோட பழைய விலை வரைபடம் இருக்கும். பாதி விலைன்னு கோடு போட்டு அடிச்சிருப்பாங்க, வரைபடத்துல பார்த்தா போன மாசமும் அதே விலைதான் ஓடியிருக்கும்.

கடல்தாண்டி:
தங்கச்சி, நான் வந்த புதுசில பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் அழுவீங்கள். குளிர்காலத்தில வந்து இறங்கினனான். ஒரு அறையில நாலு பேர், ஒரு போர்வை. ஆக்கள் ரோட்டோரத்தில விட்ட மேசையை இருட்டின பிறகு தூக்கிக்கொண்டு வருவம், ஆரும் தெரிஞ்ச ஆக்கள் காணக்கூடாது எண்டு. இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு எல்லாம் போனிலயே கிடைக்குது. நான் சொல்லுறது என்னெண்டால், மெத்தையை மட்டும் பழசு வாங்காதேங்கோ. மூட்டைப்பூச்சி ஒருக்கா வீட்டுக்குள்ள வந்தால் பிறகு நிம்மதி இல்லை.

வடதிசை:
ஐயா, மெத்தை பழசே வாங்கலாம், தையல் ஓரத்தை நகத்தால விரிச்சுப் பார்க்கணும், அவ்வளவுதான். கருப்புப் புள்ளி புள்ளியா மை சிந்தின மாதிரி இருந்தா வேண்டாம்னு வந்துடலாம்.

கடல்தாண்டி:
தம்பி, அது சாப்பாடு இல்லாமல் மாசக்கணக்கில ஒளிஞ்சு கிடக்கும். நகத்தால பார்த்துக் கண்டுபிடிச்ச ஆள் ஆரும் இருந்தால் எனக்குக் காட்டுங்கோ.

அலுத்துப்போனவன்:
எனக்கு இந்த ஆன்லைன் செகண்ட் ஹேண்ட் விக்கிறவங்களைப் பத்தித்தான் பேசணும். 'இன்னும் இருக்கா?'ன்னு கேட்டா 'இருக்கு'ம்பாங்க. வண்டி பிடிச்சு வாசல்ல போய் நின்னா 'இப்பதான் வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு'. அதுவும் நம்ம ஆளுங்கதான் மோசம். ஊர்க்காரர்னு நம்பிப் போனா கடையில புதுசு விக்கிற விலையைச் சொல்லிட்டு, 'நம்ம பையன்னுதான் இந்த விலை'ம்பாங்க.

கணக்குப்பிள்ளை:
வாங்கறவங்க மட்டும் என்ன யோக்கியம்? நான் ஊர் மாறும்போது கட்டிலை ஆன்லைன்ல விக்கப் போட்டேன். வர்றேன்னு சொன்னவங்க ஒருத்தரும் வரல. வந்த ஒருத்தர் வாசல்ல நின்னுக்கிட்டு பாதி விலை கேக்கறார், அதுவும் பேசி முடிச்ச விலையில பாதி!

மாடிவீட்டு அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. கேள்வியை யாராவது முழுசாப் படிச்சீங்களா? புதுவாசல், 'ராத்திரிக்குள்ள'ன்னு அவசரப்படுத்தறது யாரு? அந்த ஆளைப் பார்த்தீங்களா, வீட்டைப் பார்த்தீங்களா? முன்பணம் ஏதாவது கேக்கறாரா?

புதுவாசல்:
பார்க்கலக்கா. அவர் வெளியூர் போயிட்டாராம், சாவி வேற ஒருத்தர்கிட்ட இருக்காம். பாதிப் பணம் இப்பவே அனுப்பினா நமக்காக எடுத்து வைப்பாராம், இல்லன்னா வேற ரெண்டு பேர் ரெடியா இருக்காங்களாம். நாங்க நிஜமான ஆளுங்களான்னு பார்க்க என் போனுக்கு 6 இலக்க நம்பர் ஒண்ணு அனுப்பியிருக்கேன்னார், அதைத் திருப்பிச் சொல்லணுமாம். இன்னும் சொல்லல. இவர் வந்ததும் பணம் அனுப்பலாம்னு இருந்தோம். பாப்பாவுக்கு எட்டு மாசம், தரையில போடவே பயமா இருக்கு. அந்த லிஸ்ட்ல தொட்டிலும் கார் சீட்டும் சேர்ந்தே வருதுன்னுதான் ஆசைப்பட்டேன்.

வடதிசை:
குழந்தை இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே!

மாடிவீட்டு அக்கா:
அனுப்பாதீங்க. நம்பரையும் சொல்லாதீங்க. அந்த 6 இலக்கம் உங்க போன் நம்பரை வெச்சு வேற கணக்கு திறக்கறதுக்கு, இல்லன்னா உங்க கணக்குக்குள்ள நுழையறதுக்கு. பொருள் விக்கிற ஆளுக்கு அது எதுக்கும் தேவையே இல்ல. அவர் போட்ட போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடிப் பாருங்க, பெரும்பாலும் வேற ஊர் விளம்பரத்துல அதே சோபா உட்கார்ந்திருக்கும். பதில் எழுதாம பிளாக் பண்ணிட்டு, அந்தத் தளத்துலயே புகார் கொடுங்க. வீட்டுக்குப் போய், பொருளைத் தொட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் காசு. இதுல சொந்தக்காரங்கன்னாலும் விதிவிலக்கு கிடையாது.

இப்ப வாங்கற வரிசை. முதல்ல பாப்பா விஷயம். கார் சீட் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். விபத்துல அடிபட்டதான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, தவிர பல சீட்டுகள்ல காலாவதித் தேதியே அச்சடிச்சிருக்கும். கார் இல்லன்னா இப்போதைக்கு அந்தச் செலவே வேண்டாம். தொட்டில் பழசா வாங்கினா, ஒரு பக்கம் கீழ இறங்கற மாதிரி இருக்கறதை எடுக்காதீங்க. குழந்தைங்க அதுல சிக்கி இறந்ததாலதான் அமெரிக்காவுல 2011ல அந்த மாடலையே விக்கக்கூடாதுன்னு தடை பண்ணாங்க. கம்பிகளுக்கு நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது. டேப் எடுத்துட்டே போங்க. தொட்டில் மெத்தை புதுசா, கெட்டியா இருக்கணும், ஓரத்துல இடைவெளி விடாம உட்காரணும்.

உங்களுக்கு மெத்தை புதுசு வாங்குங்க, இதுல கடல்தாண்டி ஐயா கட்சிதான் நான். கட்டில் அப்புறம் பார்த்துக்கலாம். பழைய துணி, திரை, போர்வை எது வாங்கினாலும் பைக்குள்ளயே கட்டி எடுத்துட்டு வந்து நேரா 60 டிகிரி வெந்நீர்ல துவைச்சு, டிரையர்ல அதிகச் சூட்டுல அரை மணி நேரம் ஓட விடுங்க.

பாத்திரத்துக்கு வடதிசை சொன்ன மாதிரி த்ரிஃப்ட் கடை. எவர்சில்வர், இரும்பு எடுக்கலாம். கீறல் விழுந்த நான்ஸ்டிக் வேண்டாம். உங்க அடுப்பு இண்டக்ஷனா இருந்தா பையில ஒரு காந்தம் போட்டுட்டுப் போங்க, அடியில ஒட்டினாத்தான் சூடேறும். அலமாரி வாங்கறதா இருந்தா மரத்துல வாங்குங்க. அழுத்தின மரத்தூள் பலகையை ஒருதரம் கழட்டி மாட்டினா திருகு ஓட்டை தளர்ந்துடும், மூணாவது வீட்டுக்கு வராது. எதுவானாலும் சுவரோட சேர்த்து முடுக்குங்க. பாப்பா பிடிச்சு நிக்கிற வயசு நெருங்குது.

இலவசமாவும் கிடைக்கும். 2003ல ஆரம்பிச்ச ஃப்ரீசைக்கிள், 2013ல வந்த பை நத்திங் குழுக்கள்ல அக்கம்பக்கத்துல இருக்கறவங்க சும்மாவே கொடுப்பாங்க. வெக்கப்படாம 'புதுசா குடிவந்திருக்கோம், கைக்குழந்தை இருக்கு'ன்னு எழுதுங்க. மாசக் கடைசியிலயும் பல்கலைக்கழகம் மூடற சமயத்துலயும் வீட்டைக் காலி பண்றவங்க நிறைய இறக்குவாங்க.

அலுத்துப்போனவன்:
நானும் ஒண்ணு உருப்படியா சொல்றேன். ஊர்லருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தா, செருகறதுக்கு முன்னாடி அங்க எத்தனை வோல்ட்னு பாருங்க. அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. சார்ஜர்ல 100-240னு போட்டிருந்தா பயமில்ல. 230 மட்டும் போட்ட மிக்ஸி 120 வோல்ட் ஊர்ல முக்கி முனகும்.

கணக்குப்பிள்ளை:
சோப்புத்தூள், டயப்பர் மாதிரி தீர்ந்து போற சாமானுக்கு ஒரு வரி. பெரிய பாக்கெட்தான் லாபம்னு நம்பாதீங்க. விலைப்பலகையில சின்ன எழுத்துல 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு எண்ணிக்கைக்கு எவ்வளவுன்னு இருக்கும், அதை ஒப்பிடுங்க. ஆன்லைன்ல இலவச டெலிவரிக்காக வேண்டாத பொருளைக் கூடையில சேர்க்கறதுதான் பெரிய நஷ்டம்.

புதுவாசல்:
பிளாக் பண்ணிட்டோம். போட்டோவைத் தேடினா அதே படம் வேற ரெண்டு இடத்துல இருக்கு. ரொம்ப நன்றி அக்கா. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ஃப்ரிட்ஜும் வாஷிங் மிஷினும் விக்கிறார், நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கார். என்ன பார்க்கணும்?

மாடிவீட்டு அக்கா:
நீங்க போறதுக்கு முன்னாடியே ஃப்ரிட்ஜை ஓட விட்டு வைக்கச் சொல்லுங்க. போனதும் உள்ள கை வெச்சுப் பாருங்க. கதவு ரப்பர்ல ஒரு தாளை வெச்சு மூடி இழுங்க; சுலபமா உருவிட்டு வந்தா ரப்பர் போச்சு, விலையைக் குறைங்க. வாஷிங் மிஷினைத் தண்ணி விட்டுக் கடைசிச் சுழற்சி வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, கதவு மடிப்புக்குள்ள விரல் விட்டுக் கருப்புப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க. முன்பக்கக் கதவு மாடலா இருந்தா, பின்னாடி மாட்டற டிரான்ஸிட் போல்ட் இருக்கான்னு கேளுங்க. அது இல்லாம வண்டியில ஏத்தினா டிரம் ஆடி அடிபடும். ஃப்ரிட்ஜை நிமிர்த்தித்தான் கொண்டு வரணும்.

புதுவாசல்:
வண்டி சின்னதுக்கா, படுக்க வெச்சாத்தான் உள்ள போகும்.

மாடிவீட்டு அக்கா:
அப்படின்னா வீட்ல நிமிர்த்தி வெச்சு ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வாசக்கதவு அகலத்தையும் லிஃப்ட் அகலத்தையும் அளந்து போன்ல எழுதிக்கோங்க.