முள்ளெலிக்கு யார் ஊசி போட்டது?

நாமக்கல் மணி: காட்டு விலங்குகளின் கிருமிகள்கூட ஆன்டிபயாடிக்குக்கு அடங்காததற்குக் கோழிப்பண்ணைக்காரர்கள்தான் காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பண்ணை வைத்திருப்பவனுக்கு வயிறு எரியாதா? நேச்சர் அறிவியல் இதழில் 2022ல் வந்த ஆய்வைப் படியுங்கள். ஐரோப்பிய முள்ளம்பன்றியின் எம்.ஆர்.எஸ்.ஏ, அதாவது பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா, 1800களின் தொடக்கத்திலேயே மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது. பென்சிலின் வந்ததே 1928ல். முள்ளம்பன்றிக்கு யார் ஊசி போட்டது?

நுண்ணோக்கி: அண்ணே, அது முள்ளெலி. பிரிட்டனில் 2020ல் அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்த பிராணி. அதன் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பென்சிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. அதோடு மல்லுக்கட்டித்தான் கிருமி தேறியது. ஆனால் இது மெக்-சி என்ற எதிர்ப்பு மரபணு உள்ள வகைக்கு மட்டும். மனிதருக்கு வரும் எம்.ஆர்.எஸ்.ஏ தொற்றில் 200ல் ஒன்றுதான் அது. மீதி 199?

நாமக்கல் மணி: 200 ஆண்டு முன்பே இருந்ததா, இல்லையா?

நுண்ணோக்கி: அந்த ஒரு வகை மட்டும்.

நாமக்கல் மணி: இருந்தது! டென்மார்க், ஸ்வீடனில் பாதிக்கு மேற்பட்ட முள்ளம்பன்றிகளிடம் அது இருக்கிறது. அங்கே மருந்து கலந்த எங்கள் கோழித் தீவனமா போனது?

தேரிக்காட்டுக்காரி: முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும் பெரிய விலங்கு. முள்ளெலி பூச்சி தின்னும். எங்கள் செம்மணல் தேரியில் உண்டு. கக்குவானுக்கு முள்ளைச் சுட்டுக் கொடுக்கிறோம் என்று அதையும் பிடித்துத் தீர்க்கிறார்கள்.

நாமக்கல் மணி: பேரா இப்போது பிரச்சினை? 200 ஆண்டு, அம்மா!

பாறு நேசன்: மாட்டுக்குப் போட்ட மருந்தால்தானே பாறு கழுகுகள் செத்தன? அதையும் இயற்கை என்பீர்களா?

நுண்ணோக்கி: அது டைக்ளோஃபெனாக், வலி மருந்து. ஆன்டிபயாடிக் இல்லை. 2006ல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

பாறு நேசன்: போன மாதமும் என் பதிவில் இப்படித்தான் வாத்தியார் வேலை பார்த்தீர்கள். மறக்கவில்லை.

நுண்ணோக்கி: தப்பாக எழுதினால் இன்னும் திருத்துவேன். மணி அண்ணே, கொலிஸ்டின் மனிதருக்குக் கடைசிக் கையிருப்பு மருந்து. அதைக் கோழிக்குக் கொடுத்தது யார்?

நாமக்கல் மணி: 2019ல் தடை வந்த அன்றே நிறுத்திவிட்டேன்.

நுண்ணோக்கி: அதுவரை கொடுத்தது நோய்க்கா, கோழியின் எடையைக் கூட்டவா?

நாமக்கல் மணி: பத்தாயிரம் கோழி வளர்த்துப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். ஒரு கொட்டகையில் நோய் புகுந்தால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சரி, என் கேள்வி அப்படியே நிற்கிறது. முள்ளம்பன்றிக்கு யார் ஊசி போட்டது?

தேரிக்காட்டுக்காரி: முள்ளெலி.