ஊட்டச்சத்து மேற்படிப்பு குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இளநிலை ஊட்டச்சத்துப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் என் தங்கைக்காக எழுதுகிறேன். (உயிர்வேதியியலும் உடலியங்கியலும் படிப்பவளை, உறவினர்கள் இன்னும் சமையல் படிப்பதாகவே நினைக்கிறார்கள்.) சிறுநீரக நோயாளிகளுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் உணவுத் திட்டம் வகுக்கும் மருத்துவமனைப் பணியையே அவள் விரும்புகிறாள், ஆனால் பதிவுபெற்ற உணவியலாளர் ஆவதற்கான இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுத, முதுநிலைப் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டயத்துடன் மருத்துவமனையில் 6 மாதப் பயிற்சியும் தேவைப்படுவதால், அக்காலத்தில் உதவித்தொகை கிடைக்குமா என்பது எங்களுக்கு முக்கியமாகிறது.

மாற்றாக, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் முதுநிலை பயின்று, 1975-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களிலோ ஆய்விலோ சேரலாம் என்று அவளுடைய பேராசிரியர் கூறுகிறார். இவ்விரு வழிகளில் ஏதேனும் ஒன்றில் பணியாற்றுவோர், தொடக்க ஊதியத்தையும் அன்றாட வேலையின் தன்மையையும் பற்றித் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.