சாப்பிட்ட அஞ்சு நிமிசத்துல பூனை கக்கிடுது, என்ன செய்ய?

பாளை வெள்ளச்சி:
எங்க வெள்ளச்சிக்கு ரெண்டு வயசு, 3 கிலோ 400 கிராம். பத்து நாளா தின்ன கொஞ்ச நேரத்துல கக்கிடுது. காலைல சாளையை அவிச்சு முள்ளெடுத்து சோத்துல பிசைஞ்சு வைப்பேன், சாயங்காலம் கடையில வாங்குன உலர் தீனி. ரெண்டும் அப்படியே வெளிய வந்துருது. கக்கிட்டு விளையாடப் போயிடுது. ஆச்சி, புல்லு தின்னா சரியாப் போவும்ங்காவ. நாம போடுத வாந்தி மாத்திரையில பாதி கொடுக்கலாமா?

தச்சநல்லூர் அண்ணாச்சி:
மனுச மாத்திரை எதையும் கொடுத்துராதீங்கம்மா. பாராசிட்டமால் ஒண்ணு போதும், பூனை உசிரே போயிரும். கக்குததுக்கு முன்னால வயித்தை எக்கி எக்கிச் சத்தம் போடுதா, இல்ல தலையைக் குனிஞ்சு சும்மா பொலக்குன்னு வருதா? வேற பூனை இருக்கா?

பாளை வெள்ளச்சி:
பொலக்குன்னுதான் அண்ணாச்சி. சுண்டுவிரல் தண்டிக்கு உருளையா, தீனி மணி மணியா முழுசா கெடக்கு. மஞ்சத் தண்ணி இல்ல. தெருவுல இருந்து ஒரு கடுவன் ரெண்டு வாரமா வீட்டோட ஒட்டிக்கிட்டு, பக்கத்துலயே தின்னும்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
கடுவன் பிடுங்கிருவானோன்னு அது மெல்லாம முழுங்குது. எக்காம, முழு மணியா, உருளையா வந்தா பெரும்பாலும் வயித்துக்கே போகாம தொண்டைக்குழாயில இருந்து திரும்புததுதான். தனி ரூம்ல கதவைச் சாத்தி, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை வைங்க. உலர் தீனியைத் தண்ணியில ஊறப்போடுங்க. எங்க வீட்டுல பழைய குழிப்பணியாரச் சட்டியில குழிக்கு நாலு மணியா போட்டேன்; நக்கி நக்கி எடுக்கவே கால்மணி நேரம் ஆச்சு. சட்டி மதினியோடது. ஒரு வாரம் பேசல.

மேலப்பாளையம் காரன்:
பால் ஊத்துங்க, வயிறு ஆறும்.

குறுக்குத்துறை அக்கா:
வேண்டாம் தம்பி. வளந்த பூனை நெறையத்துக்குப் பால் செரிக்காது, கழிச்சல்தான் வரும். வெள்ளச்சி, பூக்கட்டுத நூல் வீட்டுல கெடக்கா? எங்க பூனை முழத்துக்கு முழம் முழுங்கி, குடல் சுருண்டு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். நாக்குக்கு அடியில பாருங்க. வாய்லயோ பின்னாலயோ நூல் தொங்குனா இழுத்துராதீங்க, குடலை அறுத்துரும். பல்லி தின்னும்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. பல்லி வழியா பித்தக்குழாய்ல தட்டைப்புழு சேரும், வழக்கமான பூச்சிமருந்து அளவு அதுக்குப் பத்தாது.

பாளை வெள்ளச்சி:
நூல் இல்லக்கா, பாத்துட்டேன். பல்லி தினம் பிடிக்கும்.

குறுக்குத்துறை அக்கா:
அப்போ கட்டாயம் சொல்லிருங்க. ரத்தம் வந்தாலோ, தண்ணியும் தங்கலன்னாலோ, ஒரு நாள் முழுக்க தீனி தொடலன்னாலோ காத்திருக்க வேண்டாம். பூனை பட்டினி கெடந்தா ஈரல்ல கொழுப்பு அடைஞ்சிரும்.

பாளை வெள்ளச்சி:
ஆறு நாளாச்சு. ஒரே ஒரு தடவைதான் கக்குச்சு, அன்னைக்குக் கதவைச் சாத்த மறந்துட்டேன். டாக்டர் எடை போட்டுப் பூச்சிமருந்து கொடுத்தாவ, பல்லி விசயமும் கேட்டுக்கிட்டாவ. ஆச்சிக்கு இப்போ பணியாரம் வேணுமாம், புதுச் சட்டி வாங்கப் போறேன்.