யூதப் பள்ளிக்கூடங்கள்ல ஆறு ஏழு எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்துற முறை நம்ம வகுப்புக்கு ஒத்து வருமா?

நீடாமங்கலம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஏழு, எட்டுக்கு தமிழும் இங்கிலீஷும் எடுக்குறேன். புள்ளைங்க நல்ல புள்ளைங்க, ஆனா பாடம் வாசிச்சு முடிச்ச உடனே "டீச்சர், கேள்வி பதில் போர்டுல எழுதிப் போடுங்க"ன்னு நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்துடுதுங்க. கதையில யார் செஞ்சது சரி, நீயா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டா வகுப்பே தலையைக் குனிஞ்சுக்குது. அதே புள்ளைங்க சத்துணவு வரிசையில நின்னு என்னமா வாதாடுதுங்க தெரியுமா! யூதப் பள்ளிக்கூடங்கள்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, சத்தமா வாசிச்சு, கேள்வி கேட்டு மடக்கித்தான் படிப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். அது உண்மையில எப்படி நடக்குது, நம்ம தமிழ் வகுப்புல செய்ய முடியுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

மன்னார்குடி மருமக:
டீச்சர், நான் இப்ப நியூஜெர்ஸியில ஒரு யூத டே ஸ்கூல்ல உதவி ஆசிரியையா இருக்கேன், மிடில் ஸ்கூல் பிரிவு. நாள்ல ஒரு பகுதி ஹீப்ரூ, தோரா (யூதங்களோட வேத நூல்), தால்முத் (யூத குருமார்கள் சட்டத்தையும் வேதத்தையும் பத்தி விவாதிச்ச தொகுப்பு)னு சமயப் பாடம், மிச்ச நேரம் இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ். நீங்க கேட்ட ஜோடிப் படிப்புக்கு ஹவ்ரூத்தான்னு பேரு, தால்முத் படிக்கிறதுக்குன்னு காலங்காலமா இருக்குற முறை, எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் வகுப்புலயும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

நடக்குறது இதுதான். ஒரு புள்ள ஒரு வாக்கியத்தை சத்தமா வாசிக்கும், பக்கத்துல இருக்குறது அதைத் தன் வார்த்தையில சொல்லணும். உடனே முதல் புள்ள, "அப்படின்னு இதுல எங்க இருக்கு, காட்டு"ங்கும். அந்தக் "காட்டு"தான் உயிர். எனக்குத் தோணுதுன்னு சொல்லிட்டு தப்பிக்க முடியாது, வரியில விரலை வச்சுக் காட்டணும். டீச்சர் நடுவுல நடந்துக்கிட்டே இருப்பாங்க, பதில் சொல்லவே மாட்டாங்க. கூச்சப்படுற புள்ளைக்கு இது பெரிய வரம், முப்பது பேர் முன்னாடி வாயைத் திறக்காதது ஒரே ஒரு ஆள்கிட்ட தாராளமா பேசும்.

இன்னொண்ணு, கேள்வி கேக்குற பழக்கம் அவங்க வீட்டுலயே ஆரம்பிக்குது. பாஸ்கா பண்டிகை ராத்திரி சாப்பாட்டுல வீட்டுலயே சின்னப் புள்ளதான் நாலு கேள்வி கேக்கணும், மத்த ராத்திரிக்கும் இந்த ராத்திரிக்கும் என்ன வித்தியாசம்னு. பையனுக்கு 13 வயசு, பொண்ணுக்கு 12 இல்ல 13 ஆனதும் பல குடும்பங்கள்ல அந்த வாரத்து தோரா பகுதியைப் பத்தி சபைக்கு முன்னாடி சொந்தமா ஒரு சின்னப் பேச்சு பேச வைப்பாங்க. அதனால ஏழாம் வகுப்புல பேச்சு எழுதுறது புள்ளைங்களுக்கு நெசமாவே தேவைப்படுற வேலை, பரீட்சைக்காக எழுதுறது இல்ல.

குடந்தை தமிழய்யா:
இதைக் கேக்க எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, இது நமக்கும் பழக்கமான முறைதான். தால்முத் பக்கத்தைப் பாத்திருக்கீங்களா? மூலம் நடுவுல இருக்கும், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்காரர் ராஷியோட உரை, இன்னொரு பக்கம் தோசஃபோத்னு பின்னாடி வந்தவங்களோட உரை. 1520கள்ல வெனிஸ்ல டேனியல் பாம்பர்க் அச்சடிச்ச முழுப் பதிப்புல இருந்து இந்த அமைப்புதான் நிலைச்சிருக்கு. தோசஃபோத் எழுதினவங்கள்ல ராஷியோட பேரன்களும் உண்டு, தாத்தா சொன்னதையே விடாம கேள்வி கேட்டிருக்காங்க, ரெண்டும் ஒரே பக்கத்துல அச்சுல நிக்குது! நம்ம திருக்குறளுக்கும் பத்து பேர் உரை சொல்லுவாங்களே, பரிமேலழகர் ஒரு மாதிரி சொன்னா மணக்குடவர் வேற மாதிரி சொல்லுவார்.

இதை வகுப்புல இப்படிச் செய்யுங்க. சார்ட் பேப்பர் நடுவுல ஒரு குறளையோ பாடத்துல ஒரு பத்தியையோ ஒட்டுங்க. நாலு புள்ள சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கலர் பேனாவுல தனக்குத் தோணுற கேள்வியையோ விளக்கத்தையோ ஓரத்துல எழுதட்டும், அப்புறம் பேப்பரைத் திருப்பி, பக்கத்துல இருக்குறவன் எழுதினதுக்கு மறுப்போ ஆதரவோ எழுதணும். முந்தி எழுதினதை யாரும் அடிக்கக் கூடாது.

வலங்கைமான் வாத்தியார்:
கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நாப்பது புள்ளைங்க ஒரே நேரத்துல சத்தமா வாசிச்சா பக்கத்து வகுப்பு என்ன ஆகும்? மேற்பார்வைக்கு வர்றவங்க நோட்டைத்தான் திருப்பிப் பாப்பாங்க, பேச்சை யாரு பாக்குறா. சிலபஸும் ஓடணும்.

மன்னார்குடி மருமக:
சார், வாரத்துல ஒரே ஒரு பீரியடு போதும், மரத்தடியில உக்கார வைங்க. நோட்டு வேணும்னா எழுத்து வேலையாவும் மாத்தலாம். இங்க பல ஸ்கூல்ல ஆன் ஃபிராங்க்னு ஒரு யூதப் பொண்ணோட டைரியை வாசிக்க வைப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு 13ஆவது பிறந்தநாளைக்கு, 1942 ஜூன் 12 அன்னிக்கு, கிடைச்ச டைரி அது (மேட்டூர் திறக்குற தேதின்னு சொன்னா நம்ம புள்ளைங்க ஜென்மத்துக்கும் மறக்காது). ஆம்ஸ்டர்டாம்ல நாஜிகளுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தப்ப, போர்க்கால டைரிகளைப் பத்திரப்படுத்தணும்னு 1944 மார்ச்ல ரேடியோவுல ஒரு அமைச்சர் சொன்னதைக் கேட்டு, தான் எழுதினதையே எடுத்து தனித்தனி தாள்ல திரும்ப எழுத ஆரம்பிச்சா. அடுத்த வருஷமே முகாம்ல செத்துப்போனா, 1947ல அவ அப்பாதான் வெளியிட்டார். ஒரு தடவை எழுதினதைத் திருத்தி எழுதுன்னு சொன்னா மூஞ்சியைத் தூக்குற புள்ளைங்க இதைக் கேட்டா தானா பேனாவை எடுக்கும்.

இன்னொண்ணு மித்ராஷ். மூலத்துல சொல்லாம விட்ட இடத்தைக் கதையால நிரப்புறது. ஆபிரகாம் சின்ன வயசுல அப்பாவோட சிலைகளை உடைச்சான்னு சொல்லுவாங்களே, அது தோராவுல கிடையாது, மித்ராஷ்ல வர்றது. நம்ம திருவாரூர் மனுநீதிச் சோழன் கதைக்கு இதைச் செய்யச் சொல்லுங்க டீச்சர்.

நீடாமங்கலம் டீச்சர்:
அக்கா, ரொம்ப நன்றி! நம்ம புள்ளைங்க திருவாரூர் கோயிலுக்கு வெளியில அந்தக் கல்தேரைப் பாத்ததுங்கதான். பெரியபுராணத்துல, இளவரசன் மேல தேரை ஏத்தச் சொல்லி ராஜா உத்தரவு போட்டதும், அந்த அமைச்சர் மனசு வராம தன் உயிரையே விட்டுடுவார். அவர் அன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறப்ப என்ன சொல்லியிருப்பார், இளவரசனோட அம்மா எங்க இருந்தாங்க, இந்த ரெண்டையும் கொடுக்கப் போறேன். ஆனா மார்க் எப்படிப் போடுறது?

குடந்தை தமிழய்யா:
முதல் மாசம் மார்க்கே வேண்டாம்மா. யாரு நல்ல கேள்வி கேட்டாங்களோ அந்தக் கேள்வியை அவங்க பேரோட போர்டுல எழுதி வைங்க. வர்ற வெள்ளிக்கிழமை மனுநீதிச் சோழனை ஆரம்பிங்க, சார்ட்டை போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாக்க ஆசையா இருக்கு.