புதுப்பிப்பு: நாற்சார் வீடும் குளமும் விருதுக்குப் போகுமா?

நடுவில் முற்றமும் நாலு பக்கமும் அறைகளுமாக உள்ள பழைய நாற்சார் வீட்டை வாசிகசாலையாக்கி, பக்கத்துக் குளத்தையும் தூர்வாரிய வேலையை விருதுக்கு அனுப்பலாமா என்று முந்திய இழையில் பேசினோம். எந்த விருது பொருந்தும், பழைய படத்துக்கு எங்கே போவது, சுவர் வேலையைப் பற்றி என்ன எழுதுவது, என்ன கடிதம் வேணும் என்று அதற்குக் கீழே வந்த கேள்விகளுக்கு இது பதில்.

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது 2000 முதல் உள்ளது. கட்டடம் 50 வருடம் தாண்டியிருக்கவேணும். வேலை கடந்த 10 வருடத்துக்குள் முடிந்து, பிறகு ஒரு வருடமாவது பாவனையில் இருக்கவேணும். பெயின்ட் காயமுதல் அனுப்பிப் பலனில்லை. வீட்டுத்திட்ட வேலை என்றால் 1985இல் தொடங்கிய வேர்ல்ட் ஹபிடாட் விருதைப் பாருங்கள்.

பலர் சறுக்குவது 'முந்திய படத்தில்', அதாவது வேலைக்கு முன் கட்டடம் இருந்த நிலையைக் காட்டும் படத்தில். கூரை பிரித்த பிறகு அதை எங்கே தேடுவது? லண்டன், ரொறன்ரோவிலுள்ள சொந்தக்காரரின் பழைய கலியாண அல்பங்களைக் கேளுங்கள். முற்றத்துத் தூணும் ஓடும் பின்னணியில் நிற்கும். அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் இப்போதைய படத்தை எடுங்கள்.

சுவர் விபரத்தை மறைக்கவேண்டாம். சுண்ணாம்புக்கல் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு கழரும். நடுவர்களும் அதைக் கேட்கலாம். சுண்ணாம்புச் சாந்தின் கலவை விகிதத்தையும் மேசன்மார் செய்த சோதனைப் பூச்சின் படத்தையும் சேருங்கள்.

உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை இன்றே தொடங்குங்கள். காணி உறுதியில் நாலு பங்காளிகள், அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் என்றால், அதுதான் கடைசியாகக் கைக்கு வரும்.