அட்லஸில் ஒரு நம்பர், மைல்கல்லில் வேறு நம்பர்: வழியில் நடந்ததைப் பகிருங்கள்

மைல்கல்_நாமக்கல்

அச்சடித்த ரோடு அட்லஸை இன்னும் வண்டியில் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடந்து சில வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நாமக்கல்லுக்கு வெளியே, கரூர் போகும் பக்கம், ஒரு டீக்கடை. பஞ்சாப் பதிவெண் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, போனைப் பார்த்துவிட்டு, சாலையைக் காட்டி "சவாலீஸ்? ஃபார்ட்டி ஃபோர்?" என்று கேட்டார். பெஞ்சில் ஒரு பெரியவர், லாரி ஓட்டியே வயதானவர். "நாப்பத்திநாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது ஏழாம் நம்பர் ரோடு. காசியில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஏழுதான்" என்று ஒரே போடாகப் போட்டார். ஏழு விரலை வேறு காட்டினார்.

டிரைவர் திகைத்துவிட்டார். "சாத்? சாத் நம்பர் தோ பட்டியாலா மே ஹை." ஏழாம் நம்பர் சாலை அவருடைய ஊர்ப் பக்கம், பட்டியாலாவில் இருக்கிறதாம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவரிடம், நீ இன்னும் உன் ஊர் ரோட்டில்தான் நிற்கிறாய் என்றால் அவர் என்ன செய்வார்?

நான் காரிலிருந்து அட்லஸை எடுத்து வந்து பெஞ்சில் விரித்தேன். 2010க்கு முந்தைய பதிப்பு. வாரணாசி, ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை, கன்னியாகுமரி. ஒரே சிவப்புக் கோடு, அதன் மேல் 7. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவர் தன் போனை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தார். அதில் ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை 44. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இருவர் சொன்னதும் சரி.

2010ல் தேசிய நெடுஞ்சாலை எண்களையெல்லாம் மாற்றினார்கள் அல்லவா, அதுதான் காரணம். வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். பழைய 7ன் தென்பகுதி 44 ஆகிவிட்டது. 7 என்ற எண் பஞ்சாபின் பாசில்காவில் தொடங்கி பத்ரிநாத் தாண்டி மானா வரை போகும் சாலைக்குப் போனது. பழைய 44 எங்கே இருந்தது தெரியுமா? ஷில்லாங், அகர்தலா பக்கம்.

இதை அரைகுறை இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது. பெரியவர் மட்டும், "நம்பரை மாத்திட்டா, அம்பது வருசம் நான் ஓட்டின ரோடு எங்க போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தீவுக்காரன்

நம்பர் மாறியது கூடப் பரவாயில்லை அண்ணே. ரோடே இல்லாத இடத்தில் சிவப்புக் கோடு இருந்த கதை எங்களுடையது.

நான் ராமேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவன். பழைய 49ஆம் எண் நெடுஞ்சாலை கொச்சியிலிருந்து மூணாறு, போடி, மதுரை வழியாக தனுஷ்கோடி வரை. காகிதத்தில் அப்படித்தான். 1964 டிசம்பர் புயலில் ரயில், ஊர் எல்லாம் போன பிறகு, முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அப்புறம் மணலும் தண்ணீரும்தான். மீன்காரர்களின் வேனும் ஜீப்பும் மட்டும் போகும்.

நான் பள்ளிக்கூடம் படித்தபோது ஒரு வெளிநாட்டு ஜோடி சைக்கிளில் வந்தார்கள். கையில் மடித்த வரைபடம். தார் முடிந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் பெண்மணி வரைபடத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவிடம் கோட்டைக் காட்டி "ரோடு?" என்று கேட்டார். சித்தப்பா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தீவின் வடிவம் தெரியும். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய், கடைசி முனைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, "இங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதற்கு முன் அவர் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

2017ல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது 87ஆம் எண். சித்தப்பா அதைப் பார்க்க இல்லை. இத்தனை வருடம் இல்லாத சாலையைப் போட்டு விற்றார்களே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

பென்சில்_2பி

தீவுக்காரன் தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அட்லஸ் போட்டவர்கள் மேல் ஆத்திரப்படுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நெடுஞ்சாலை என்பது அரசிதழில் அறிவிக்கப்படும் ஒரு தடம். அறிவிப்பில் தனுஷ்கோடி வரை என்றிருந்தால் வரைபடக்காரர் அதைத்தான் போடுவார். வண்டி போகுமா என்பது வேறு தகவல். அதற்குத்தான் சாலை வகையைக் காட்டும் குறிகள் முன்பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதே இல்லை.

என் அனுபவம் சின்னது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும்போது அணைக்கரையில் எங்கள் லாரியை விடவில்லை. கீழணையின் பழைய பாலம், கனரக வண்டிக்குத் தடை. அட்லஸில் தடித்த கோடு, எதிரே இரும்புக் கம்பித் தடுப்பு. வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனோம். அவ்வளவுதான்.

புதிதாக அட்லஸ் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2010க்கு முந்தையது என்றால் எண்கள் எல்லாம் பழசு, ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊருக்குள் போகும் பழைய வழி அதில்தான் இருக்கும், புதியதில் பைபாஸ்தான் கண்ணில் படும். 2பி பென்சிலால் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள், பேனா வேண்டாம், பழையதை அடிக்கவும் வேண்டாம். சேலம் - கொச்சி சாலை பழைய 47, இப்போது 544. சேலம் - உளுந்தூர்பேட்டை 68 என்றிருக்கும், இப்போது 79. மூன்று இலக்கம் வந்தால் கடைசி இரண்டைப் பாருங்கள், தாய்ச்சாலை தெரிந்துவிடும். 544 என்றால் 44லிருந்து பிரிந்தது. 66 என்று கண்டால் கவனம். பழைய பதிப்பில் அது புதுச்சேரி - திருவண்ணாமலை - கிருஷ்ணகிரி. இப்போதைய 66 மேற்குக் கரையோரம் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை. இரண்டையும் குழப்பி ஒருவர் எனக்குத் திருவண்ணாமலையிலிருந்து மங்களூருக்கு வழி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மைல்கல்லையும் படிக்கப் பழகுங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மஞ்சள் கல் பச்சையாக மாறினால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம், சிக்னல் தேட வேண்டாம். 2019ல் வந்த மாவட்டங்களையும், தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை என்று, எல்லைக்கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ், நீதிமன்ற வேலையாகப் போகிறவர்களுக்கு அது உதவும்.

சத்தி_ரோடு

பென்சில் சார், நீங்கள் சொன்னபடி எழுதி வைத்திருப்பவர் என் அப்பா. கோவை - சத்தியமங்கலம் - பெங்களூரு சாலையில் 209ஐ அடிக்காமல் பக்கத்தில் 948 என்று அழகாக எழுதியிருப்பார். அந்த அட்லஸோடுதான் பண்ணாரி செக்போஸ்ட்டில் மாட்டினோம்.

சாம்ராஜ்நகரில் சொந்தக்காரர் கல்யாணம். கோவையில் கிளம்பவே தாமதம். பண்ணாரி வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. கேட் மூடியாகிவிட்டது. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் வண்டி விடுவதில்லை. கனரக வண்டிக்கு மாலை ஆறிலிருந்தே தடை, கார்களுக்கு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. அப்பா நம்பவில்லை. தேசிய நெடுஞ்சாலையை எப்படிப் பூட்ட முடியும் என்று அட்லஸைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வனக்காவலர் சின்ன வயது. கோபப்படவே இல்லை. டார்ச்சைப் பக்கத்தின் மேல் அடித்து, பச்சை நிறத்தில் இருந்த காட்டையும் நடுவே போன சிவப்புக் கோட்டையும் பார்த்தார். "ஐயா, இந்தப் புத்தகத்துல ராத்திரி போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். அப்புறம் அவரே, எந்தக் கொண்டை ஊசி வளைவில் சிறுத்தை வண்டியில் அடிபட்டது, எங்கே மானை எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக அந்தக் கோட்டின் மேல் விரலால் தொட்டுக் காட்டினார். அப்பா பேசாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அவரிடமே கொடுத்தார். அவர் குறித்த சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

கோயில் பக்கம் வண்டியைப் போட்டுத் தூங்கிவிட்டு ஆறு மணிக்குத்தான் ஏறினோம். முகூர்த்தம் தவறிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, அம்மாவுக்கு இன்னும் உண்டு. பந்திப்பூர் வழியாகப் போகிறவர்களும் கவனியுங்கள். அங்கே 2009லிருந்தே இரவு ஒன்பது முதல் ஆறு வரை தடை. கூடலூர் பக்கமும் சரி, வயநாடு பக்கமும் சரி.

ஜிஎஸ்டி_ரோடு

பெரியவர் கேட்ட கேள்வியை வேறு விதமாக நானும் சந்தித்தேன்.

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் வழி, இரவு. எங்களுக்கு முன்னால் போன பைக் சறுக்கி விழுந்தது. பையன் நினைவோடு இருந்தான், கால் மட்டும் திரும்பிக் கிடந்தது. 108க்கு அடித்தேன். "எந்த ரோடு சார்?" "நாற்பத்தைந்து." பக்கத்தில் நண்பன் போனைப் பார்த்து "நூத்தி முப்பத்திரண்டுடா" என்கிறான். விழுந்த பையன் படுத்தபடியே "ஜிஎஸ்டி ரோடுன்னு சொல்லுங்கண்ணா" என்கிறான். அந்த வலியிலும் அவன் எங்களைத் திருத்தியதுதான் என் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்றும் ஒரே சாலை. ஜிஎஸ்டி என்பது கிராண்ட் சதர்ன் டிரங்க் என்ற அதன் பழைய பெயர். சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை ஒரே 45ஆக இருந்தது இப்போது திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, திருச்சி வரை 38, அதற்குப் பிறகு 83. எதிர்முனையில் இருந்த பெண் பதறாமல், "விக்கிரவாண்டி டோல் தாண்டிட்டீங்களா, இன்னும் இல்லையா? பக்கத்துல கல்லு இருக்கா?" என்று கேட்டார். நண்பன் ஓடிப்போய் கல்லைப் படித்தான், விழுப்புரம் எத்தனை கிலோமீட்டர் என்று. வண்டி சரியாக வந்து சேர்ந்தது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு, போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூநகரி_பஸ்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட வீதி எண்கள் மாறவில்லை. ஏ9 அன்றும் ஏ9தான். ஆனால் பெரியப்பாவோடு போன ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் கனடாவிலிருந்து நீண்ட காலத்துக்குப் பிறகு வந்திருந்தார். பெட்டியில் பழைய வீதி வரைபடம் ஒன்று, அவர் இளந்தாரியாக இருந்தபோது வாங்கியது. மன்னாருக்குப் போக ஏ32 எடுத்தோம். நாவற்குழியால் திரும்பி, கேரதீவு. வரைபடத்தில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவே புள்ளிக்கோடு, படகில் கடக்க வேண்டும் என்று. வேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. "நிப்பாட்டு, துறை வந்திட்டுது, இறங்கி வரிசையில நிக்க வேணும்" என்று பெரியப்பா ஓட்டுநரின் தோளைப் பிடித்துவிட்டார். நாங்கள் அப்போது பாலத்தின் நடுவில் இருந்தோம். 2011ல் திறந்த பாலம். அவருக்குத் தெரியாமல் இல்லை, செய்தியில் பார்த்திருக்கிறார். ஆனாலும் கை தன்பாட்டில் போய்விட்டது.

அந்தத் துறையில் யாருக்காகவோ காத்து நின்ற கதை ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மன்னார் வரும்வரை கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை.

மைல்கல்_நாமக்கல்

சத்தி ரோடு அம்மா, அந்தப் பெருக்கல் குறிகள் உள்ள பக்கத்தை அப்பாவின் அனுமதியோடு படமெடுத்துப் போட முடியுமா? அந்த வழி போகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய பக்கம்.

தீவுக்காரன்

பென்சில் அண்ணே, அரசிதழ் வாதம் சரிதான். ஆனால் படகில் கடக்கும் இடத்துக்குப் புள்ளிக்கோடு போடத் தெரிந்திருக்கிறதே, மேலே யாழ்ப்பாண நண்பர் சொன்னதைப் படித்தீர்களா? மணலுக்கும் ஒரு புள்ளிக்கோடு போட்டிருக்கலாம். அந்த சைக்கிள் ஜோடி திருச்சியிலிருந்து மிதித்து வந்தவர்கள்.

ஒரு உதவி. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன் தீவுக்கு ரயில் மட்டும். ஆகவே அதற்கு முந்தைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் மண்டபம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 49 மண்டபத்தில் நிற்கிறதா, கடலுக்கு மேல் சிவப்பாகவே போகிறதா, இல்லை தீவில் மறுபடி தொடங்குகிறதா? படமெடுத்துப் போட்டால் இந்த வாதத்தை நானும் பென்சில் அண்ணனும் முடித்துக்கொள்வோம். பதிப்பு ஆண்டு தெரிகிற மாதிரி எடுங்கள்.